நெளிகோடுகள்

வெரேனா படிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால், அவள் புத்தகத்தோடு சண்டை போடுகிறாள் என்றுதான் தோன்றும். பென்சில் இல்லாமல் ஒரு வரி படிக்க மாட்டாள். கோடு இழுப்பாள். ஓரத்தில் ஓர் எண் எழுதுவாள். எங்கேயோ பின்னால் புரட்டிக்கொண்டு போய் அங்கே இன்னோர் எண்ணை எழுதிவிட்டுத் திரும்பி வருவாள். உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடியும் அதே வரியைப் படிப்பாள்.

புத்தகம் என்று பெயர்தான். ஜெர்மனியின் பாசா நகரில் சட்டம் படிக்கிற யாரும் அதை அப்படிச் சொல்வதில்லை. சிவப்பு அட்டைக்குள் நாட்டின் சட்டமெல்லாம் மெல்லிய தாளில் கோத்திருக்கும். கனமும் நிறமும் பார்த்து அதற்குச் செங்கல் என்று பெயர் வைத்திருந்தார்கள். அரசுத் தேர்வு எழுதப் போகும்போது துணைக்கு அந்தச் செங்கல்லைக் கொண்டுபோகலாம். அதில் கோடு போட்டிருக்கலாம், ஓரத்தில் வேறு பிரிவின் எண்ணை எழுதியிருக்கலாம். ஒரு சொல் எழுதியிருந்தால் போச்சு, வெளியே அனுப்பிவிடுவார்கள்.

ஆகவே வெரேனா சொல் இல்லாமலே தனக்கு வேண்டியதை எழுதி வைத்திருந்தாள். நேர்கோடு என்றால் புரிந்துவிட்டது. எண் என்றால் அங்கே போய்ப் பார். அபூர்வமாக ஒரு நெளிகோடு வரும். இங்கே நான் விழுந்தேன், நிதானமாகப் போ என்று அதற்கு அர்த்தம்.

நிதானம் அவளுக்கு மிக அவசியம். முதல் தடவை தேர்வில் தோற்றிருந்தாள். இன்னும் ஒரே ஒரு தடவைதான். அதிலும் தோற்றால் மூன்றாவது வாய்ப்பு கிடையாது. ஏழு வருஷம் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, கையில் பள்ளிச் சான்றிதழோடு நிற்க வேண்டியதுதான். அவளுடைய அப்பா டெகன்டார்ஃபில் பஸ் ஓட்டுகிறவர். தன் பஸ்ஸில் ஏறுகிறவர்களிடமெல்லாம், "என் பொண்ணு நீதிபதி ஆகப் போறா" என்று சொல்லி வைத்திருந்தார்.

அவளுடைய காதலன் கோர்பினியானுக்கு அந்த மாதிரிப் பயம் எதுவும் இல்லை. அவனுக்கு இது முதல் தடவை. போனால் இன்னொரு தடவை இருக்கிறது. அதுவும் போனால் ஸ்ட்ராபிங்கில் அப்பாவின் வக்கீல் அலுவலகத்தில் ஏதாவது ஒரு நாற்காலி இருக்கும். ஆள் பார்க்க நன்றாக இருப்பான், பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். இரண்டு வருஷமாக இருவரும் இன் என்ற ஆற்றின் கரையில் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

தேர்வுக்கு முந்திய குளிர்காலத்தில் ஒரு நாள், அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தபடி அவன் ஆரம்பித்தான்.

"வெரேனா, ஒண்ணு கேட்டா திட்டக் கூடாது."

"அப்ப திட்டற மாதிரிதான் எதையோ கேக்கப் போறே."

"உன் செங்கல்லைப் பாரு, எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பேசுது. என்னோடதைப் பாரு, கடையில எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு."

"படிச்சாத்தானேடா அழுக்காகும்."

"நான் காதால படிக்கிறவன். நீ சொல்லு, கேட்டுக்கறேன். ஆனா பரீட்சை ஹாலுக்கு உன்னைக் கூட்டிட்டுப் போக முடியாதே. அதான், உன்னோட கோட்டை எல்லாம் அப்படியே என்னோடதுல போட்டுக் குடுத்தியானா..."

"அப்படியே? உனக்குக் கை இல்லையா?"

"என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். உனக்கும் ஒரு தடவை திருப்பிப் பார்த்த மாதிரி ஆச்சுல்ல?"

திட்டத்தான் நினைத்தாள். ஆனால் அவன் அதற்குள் அவளுக்குக் காபி கலக்கப் போய்விட்டான். அவன் காபி கலப்பதே அபூர்வம்.

அந்தக் குளிர்காலம் முழுக்க வெரேனாவுக்கு இரட்டை வேலை. பகலில் தனக்காகப் படிப்பாள். சாயங்காலம் இரண்டு செங்கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தன்னுடையதில் இருந்து அவனுடையதுக்கு ஏற்றுவாள். நேர்கோடுகளைப் போட்டாள், எண்களைப் போட்டாள். நெளிகோடு வந்த இடத்தில் மட்டும் கை நின்றது. தான் எங்கெங்கே விழுந்தோம் என்பதை இன்னொருவன் புத்தகத்தில் எழுதி வைப்பானேன்? கூச்சமாக இருந்தது. அவற்றை விட்டுவிட்டாள்.

ஒரு நாள் அவனே கவனித்துக் கேட்டான்.

"இது என்ன, பாம்பு மாதிரி?"

"அது உனக்கு வேண்டாம். நான் விழுந்த இடம்."

"விழுந்த இடத்துல எல்லாம் பாம்பா? என்ன பண்ணினே இங்க?"

அவன் விரல் வைத்த இடத்தில் அழுத்தமான நெளிகோடு ஒன்று இருந்தது. மாதிரித் தேர்வுகளில் அவள் திரும்பத் திரும்பச் சறுக்கிய இடம் அது.

"பட்டறையில ஒருத்தன் வேலை செய்யறான். முதலாளியோட பொருளை எடுத்து, தன்னோடதுன்னு சொல்லி வித்துடறான். வாங்கினவனுக்கு எதுவும் தெரியாது, நல்ல எண்ணத்தோடதான் வாங்கறான். பொருள் யாருக்கு?"

"வாங்கினவனுக்கு. நல்ல எண்ணத்தோட வாங்கினா அவன் சொந்தக்காரன் ஆயிடறான். இதுகூடத் தெரியாதா எனக்கு?"

"அங்கதான் நானும் விழுந்தேன். வேலைக்காரன் கையில இருக்கிற பொருள் முதலாளி கையில இருக்கிற மாதிரிதான். அவன் குடுத்தா முதலாளிக்குத் தெரியாம தொலைஞ்சு போச்சுன்னு அர்த்தம். தொலைஞ்ச பொருளை எவ்வளவு நல்ல எண்ணத்தோட வாங்கினாலும் சொந்தம் ஆகாது. திருப்பிக் குடுத்துடணும்."

"ஓ," என்றான் கோர்பினியான். "பாவம், வாங்கினவன்." பிறகு பந்தாட்டம் பார்க்கப் போய்விட்டான்.

தேர்வு நெருங்கியபோது இரண்டு செங்கல்லின் அட்டைகளும் கிழிந்து தொங்கின. வெரேனாவே போய் இரண்டுக்கும் புது அட்டை வாங்கி வந்து அவரவர் தாள்களை அதில் கோத்தாள். இப்போது வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். தேர்வுக்கு முந்திய நாள் இரண்டையும் வாசலில் செருப்பு அலமாரி மேல் அருகருகே வைத்தாள். தன்னுடையது இடது பக்கம் என்று மனதில் குறித்துக்கொண்டாள். அதை அவனிடம் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

காலையில் அவள் முகம் கழுவிக்கொண்டிருக்கும்போதே கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"நான் சைக்கிள்ல போறேன். நீ பஸ்ல வா. நல்லா எழுது என்ன?" என்று மாடிப்படியில் இருந்து குரல் மட்டும் வந்தது.

அலமாரி மேல் ஒரு செங்கல் இருந்தது. நடுவில் இருந்தது. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

பெயரின் முதல் எழுத்தை வைத்து இருவரையும் வேறு வேறு கட்டடத்தில் போட்டிருந்தார்கள். வெரேனாவின் கூடத்தில் கண்காணிப்புக்கு வந்திருந்த அம்மாள் மூக்கு நுனியில் கண்ணாடி வைத்துக்கொண்டு ஒவ்வொரு மேஜையாக வந்தாள். செங்கல்லைத் திறந்து, விரலை நாக்கில் தொட்டுப் பத்திருபது பக்கம் புரட்டினாள்.

"ரொம்பச் சுத்தமா வச்சிருக்கீங்க," என்றாள். "இப்படி இருந்தா எங்களுக்கு வேலையே இல்லை."

சுத்தம் என்ற வார்த்தை வெரேனாவுக்கு உறுத்தியது. அம்மாள் நகர்ந்ததும் புரட்டிப் பார்த்தாள். அவள் எழுத்துதான், அவள் கோடுதான். எல்லாம் நேர்கோடு. ஒரு நெளிவு இல்லை.

கையைத் தூக்கினாள்.

"மன்னிக்கணும், புத்தகம் மாறிப் போச்சு. என்னோடது பக்கத்துக் கட்டடத்துல இருக்கு. போய் மாத்திட்டு வரலாமா?"

"கேள்வித்தாளைப் பிரிச்சாச்சும்மா. இனிமே யாரும் எதையும் மாத்த முடியாது." குரலில் கடுமை இல்லை. "உள்ள இருக்கிற சட்டம் ஒண்ணுதானே. பதட்டப்படாம எழுதுங்க."

அதுவும் சரிதான் என்று வெரேனா தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். போட்டது எல்லாம் நான்தானே. என்ன குறைந்துவிடப் போகிறது?

கேள்வி நீளமாக இருந்தது. லான்ட்ஸ்ஹூட்டில் இசைக்கருவி பழுது பார்க்கும் ஒரு பட்டறை. உதவியாள், கிழவர் ஒருவரின் கடன், அந்த உதவியாள் விற்ற ஒரு பழைய அக்கார்டியன், அதை வாங்கிய ஆசிரியை, நடுவில் ஒரு வாடகை ஒப்பந்தம், ஒரு தீ விபத்து. பட்டறை என்ற சொல்லைப் படித்ததும் மண்டைக்குள் எங்கேயோ ஒரு மணி அடித்தது. உரிய பக்கத்தைத் திறந்தாள். நல்ல எண்ணத்தோடு வாங்குகிறவன் சொந்தக்காரன் ஆகிறான் என்ற வரிக்குக் கீழே, அளவுகோல் வைத்த மாதிரி ஒரு நேர்கோடு.

நேர்கோடு என்றால் புரிந்துவிட்டது. இத்தனை வருஷமாக அவள் கண்ணுக்கு அவள் கொடுத்த பழக்கம் அது. கண் நிற்கவில்லை, தாண்டிப் போய்விட்டது. தீ விபத்துதான் பெரிய சிக்கல் என்று நினைத்து மீதி நேரத்தை எல்லாம் அதில் கொட்டினாள்.

வெளியே வந்து ஆற்றங்கரைப் பக்கம் நடந்துகொண்டிருந்தபோதுதான் உறைத்தது. அக்கார்டியன் ஆசிரியைக்குச் சொந்தம் என்று எழுதிவிட்டு, அதற்கு மேல் அத்தனை பக்கத்தையும் கட்டியிருந்தாள். அஸ்திவாரமே தப்பு.

கோர்பினியான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

"நீ என் புத்தகத்தை எடுத்துட்டுப் போயிட்டே," என்றாள்.

"அப்படியா?" பையைத் திறந்து பார்த்தான். "அட, ஆமா. எனக்குத் தெரியவே இல்லையே. ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு?"

"உனக்குத் தெரியலையா?"

"நான் எங்க அதையெல்லாம் பார்த்தேன்? வேகவேகமா எழுதிட்டு வந்துட்டேன். ஏன், ஏதாவது ஆச்சா?"

"ஒண்ணும் ஆகலை," என்றாள். மீதித் தேர்வுகள் காத்திருந்தன. அழுது தீர்க்க நேரமில்லை. அன்று இரவு முதல் தன் செங்கல்லைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

முடிவு கோடையில் வந்தது. மற்றத் தேர்வுகளில் எல்லாம் தட்டுத்தடுமாறித் தேறியிருந்தாள். முதல் தேர்வு மட்டும் பாதாளத்தில் கிடந்தது. சராசரியில் ஒரு மயிரிழை குறைந்தது. மயிரிழை குறைந்தாலும் தோல்வி தோல்விதான். டெகன்டார்ஃபுக்குத் தொலைபேசியில் சொன்னபோது அப்பா, "சரிம்மா, சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

கோர்பினியான் தேறினான். சும்மா இல்லை, நல்ல மதிப்பெண்ணில். அதிலும் முதல் தேர்வில் அவன் வாங்கியது பலர் கனவிலும் காணாத எண்.

மகன் தேறியதற்கு அவன் அப்பா ஞாயிற்றுக்கிழமை மதியம் பியர் தோட்டம் என்ற திறந்தவெளி உணவகத்தில் ஒரு நீள மேஜையைப் பிடித்து விருந்து வைத்தார். கஷ்கொட்டை மர நிழலில் வறுத்த பன்றிக்கறியும் உருளைக்கிழங்கு உருண்டையும் வந்துகொண்டே இருந்தன. போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று வெரேனாவும் போயிருந்தாள். மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்து ரொட்டி மேலிருந்த உப்பை ஒவ்வொன்றாகச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

லேனி என்ற வகுப்புத் தோழி, இரண்டாவது குவளை பியரில் இருந்தவள், கோர்பினியானைச் சீண்டினாள்.

"டேய், உண்மையைச் சொல்லு. அந்த அக்கார்டியன் கேள்வியில பாதிப் பேர் விழுந்தாங்க. வகுப்புக்கே வராத நீ எப்படிடா தப்பிச்சே?"

"மூளைன்னு ஒண்ணு இருக்கு லேனி. நீ கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை."

"உன் மூளையை எனக்குத் தெரியாதா? பியர்ல ஊறப்போட்ட ரொட்டி. சொல்லுடா."

சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். மேஜை முழுக்கத் தன்னைப் பார்ப்பதில் அவனுக்கு ஒரு குஷி. சாய்ந்து உட்கார்ந்தான்.

"நானும் விழத்தான் போனேன். ஆசிரியைக்குத்தான் அக்கார்டியன்னு எழுத பேனாவை வச்சுட்டேன். சரி, எதுக்கும் ஒரு தடவை பார்ப்போம்னு பக்கத்தைத் திறந்தா, அந்த வரிக்குக் கீழ பாம்பு மாதிரி ஒரு கோடு. ஆஹா, இங்க ஏதோ இருக்குடா கோர்பின்னு நிறுத்தினேன். நிறுத்தினதுதான் தெரியும், மீதியெல்லாம் தானா வந்துச்சு."

"பார்றா, பாம்பு காப்பாத்தியிருக்கு," என்று அவன் அப்பா குவளையைத் தூக்கினார். எல்லோரும் தூக்கினார்கள்.

வெரேனாவும் தூக்கினாள். குவளையை வாயில் வைத்து நெடுநேரம் இறக்கவில்லை. அவன் செங்கல்லில் பாம்பு கிடையாது. பாம்பு யாருடையது, எதற்காகப் போட்டது என்பது அவனுக்குத் தெரியும். அவளே சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் காலை உணவின்போது அவனாகவே அந்தப் பேச்சை எடுத்தான், வேறு வழியாக.

"பயிற்சிக் காலம் அக்டோபர்ல ஆரம்பிக்குது. அது முடிஞ்சு எழுதற ரெண்டாவது அரசுத் தேர்வுக்கும் செங்கல் வேணும். நான் உன்னோடதை எடுத்துக்கட்டுமா?" முட்டையின் தலையைக் கத்தியால் ஒரே வெட்டாக வெட்டினான். "உனக்கு இனிமே அது எதுக்கு? வேணும்னா என்னோடதை ஞாபகத்துக்கு வச்சுக்கோ."

வெரேனா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உனக்கு ஹால்லயே தெரியும்."

"என்ன தெரியும்?"

"பாம்பைப் பார்த்தேன்னு நேத்து ஊர் கேக்கச் சொன்னியே. அது என் புத்தகத்துல மட்டும்தான் இருக்கு."

அவன் முகம் ஒரு நொடி சிவந்தது. ஒரு நொடிதான். வக்கீல் வீட்டுப் பிள்ளை, சமாளித்துக்கொண்டான்.

"சரி, பார்த்தேன். என்ன பண்ணச் சொல்றே? கதவை மூடியாச்சு. கையைத் தூக்கி, இது என் கேர்ள் ஃபிரண்டோட புத்தகம்னு சொல்லணுமா? ரெண்டு பேரையும் வெளிய அனுப்பியிருப்பாங்க."

"நான் தூக்கினேன். யாரும் அனுப்பலை."

"அது உன் அதிர்ஷ்டம்."

"வெளிய வந்து கேட்டப்போ தெரியாதுன்னே."

"உனக்கு இன்னும் அஞ்சு பரீட்சை பாக்கி இருந்துச்சு வெரேனா. அப்ப சொல்லி உன் மனசைக் கெடுக்கணுமா? உன் நல்லதுக்குத்தான் சொல்லலை. உன் புத்தகம் உன்கிட்ட இருந்திருந்தா மட்டும் பாஸ் பண்ணியிருப்பியா? யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. அதான் பிரச்சினை. உனக்கு இன்னொரு தடவை இருந்துச்சு கோர்பி."

அவன் முட்டையைத் தோண்டினான். பிறகு, நிலைமையை இலேசாக்க நினைத்தவன் போல் சிரித்தான்.

"சட்டப்படி பார்த்தா நான் சுத்தம். கையில எடுக்கும்போது நல்ல எண்ணம். என்னோடதுன்னு நினைச்சுத்தான் எடுத்தேன். அப்புறம் தெரிஞ்சா தப்பில்லை. இதுகூட நீ சொல்லிக் குடுத்ததுதான்."

"ஆனா அது தொலைஞ்ச பொருள்," என்றாள் வெரேனா. "தொலைஞ்ச பொருளுக்கு நல்ல எண்ணம் செல்லாது. இந்தத் தடவை சரியாச் சொன்னேனா?"

சிரிப்பு அவன் முகத்திலேயே காய்ந்தது.

"சரி விடு. புத்தகம் வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிட்டுப் போயேன். சும்மா அலமாரியில கிடந்து தூசி சேரப் போகுது, அதான் கேட்டேன்."

அவள் சன்னல் வழியாக ஆற்றைப் பார்த்தாள். பாசாவில் வெயில் காலத்தில் அந்த ஆறு போய்க் கலக்கும் டான்யூபில் படகுச் சவாரிக்குச் சீட்டு விற்க ஆள் எடுக்கிறார்கள். வெள்ளிக்கிழமையே போய்ப் பேசிவிட்டு வந்திருந்தாள். கூடவே படகுத்துறைக்குப் பக்கத்தில் ஓர் அறையும் பார்த்திருந்தாள். அங்கே செங்கல் வைக்கக்கூட இடம் இல்லை.

"எடுத்துக்கோ," என்றாள்.

"நிஜமாவா?"

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் குடு. ரொம்ப அழுக்கா இருக்கு. ஒழுங்கு பண்ணித் தரேன்."

அவன் எழுந்து வந்து அவள் உச்சந்தலையில் முத்தம் வைத்தான். "எனக்குத் தெரியும், நீ பெரிய மனசுக்காரி," என்றான்.

அந்த வாரம் முழுக்க அவள் படகுத்துறை வேலைக்குப் போய் வந்ததும் மேஜையில் உட்கார்ந்தாள். செங்கல், பென்சில், அளவுகோல், ஓர் அழிப்பான். முதல் பக்கத்தில் இருந்து ஆரம்பித்தாள். நேர்கோடுகளைத் தொடவில்லை. எண்களைத் தொடவில்லை. நெளிகோடு வந்தால் மட்டும் நின்றாள். தாள் கிழியாமல் மெல்ல அழித்தாள், ஊதினாள், அளவுகோலை வைத்து அதே இடத்தில் ஒரு நேர்கோடு போட்டாள்.

ஒவ்வொன்றையும் எப்போது போட்டோம் என்பது அவளுக்கு ஞாபகம் இருந்தது. இது நூலகத்தில் ஹீட்டர் கெட்டுப்போன அன்று. இது முதல் தோல்விக்கு மறுநாள். இது அப்பாவின் பஸ்ஸில் பின்சீட்டில் உட்கார்ந்து, கை ஆடி ஆடி இழுத்தது. அவள் எதை எல்லாம் தெரியாமல் இருந்து, பிறகு கஷ்டப்பட்டுத் தெரிந்துகொண்டாளோ, அது ஒவ்வொன்றாக ரப்பர் துகளாக மேஜையில் உதிர்ந்தது. அக்கார்டியன் பக்கத்துக்கு வந்தபோது அழிப்பான் பாதியாகத் தேய்ந்திருந்தது. அந்தக் கோடு எளிதில் போகவில்லை. அதற்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பெட்டி வாசலில் தயாராக இருந்தது. கோர்பினியான் அதைப் பார்த்தான். என்ன என்று கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்தான். கேட்டால் பேச்சு நீளும். செங்கல்லை எடுத்துப் புரட்டினான்.

"அடேயப்பா. இப்பத்தான் பார்க்க நல்லா இருக்கு. ஒரே சுத்தமா இருக்கு."

"ஆமா," என்றாள் வெரேனா, கோட்டுக்குப் பொத்தான் போட்டபடி. "இப்ப எல்லாமே புரிஞ்ச மாதிரி இருக்கு."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். மேஜை மேல் ரப்பர் துகள் சிறு குவியலாகக் கிடந்தது. அவன் அதைப் புறங்கையால் தரையில் தள்ளிவிட்டு, செங்கல்லை அந்த இடத்தில் வைத்தான்.